விரதமும் மாத்திரையும்: மனநலம் பற்றி வாசகர் கேள்விகள்

கடிதங்களில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டோம். ஊர் மட்டும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567, இரவு பகல் எப்போதும். ஆம்புலன்ஸ் 10177. கைபேசியிலிருந்து 112.

எனக்கு 52 வயது. மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை. அடுப்படிக்குப் போனால் கை ஓடமாட்டேன் என்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை. கிளினிக்கில் ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நானாக என்ன செய்துகொள்ளலாம்? – வாசகி, சாட்ஸ்வர்த்

முதலில் அளந்து பாருங்கள், அம்மா. பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இருபதைத் தொட்டால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் கிளினிக் நர்ஸிடம் காட்டித் தேதியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது பேசிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு தடவை போட்ட எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் மருத்துவருக்கு உதவும்.

அடுத்தது, இரத்தப் பரிசோதனை. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி-12 நான்கும். தைராய்டு குறைந்தாலும் இரத்தசோகை வந்தாலும் மனச்சோர்வின் வேஷத்தில்தான் முதலில் தெரியும். பல ஆண்டுகளாக இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடாதவர்களுக்கு பி-12 குறைவது சகஜம்.

இனி வீட்டில் செய்வது. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். ஒரு நோட்டில் மணிக்கு ஒரு வரி: என்ன செய்தீர்கள், அதில் நிறைவு எத்தனை, சந்தோஷம் எத்தனை, பத்துக்கு. இரண்டும் ஒன்றல்ல. பாத்திரம் துலக்கினால் நிறைவு 4 இருக்கலாம், சந்தோஷம் 0. வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டம்மாவோடு பேசினால் அது தலைகீழாக இருக்கும். இரண்டாம் வாரம் அந்த நோட்டைப் பார்த்து நாளுக்கு இரண்டே காரியம் குறியுங்கள்: ஒன்று நிறைவுக்கு, ஒன்று சந்தோஷத்துக்கு. கிழமையும் நேரமும் போட்டு எழுத வேண்டும். 'நடக்க வேண்டும்' என்று எழுதினால் நடக்காது. 'செவ்வாய் காலை ஏழு மணி, தெருக்கோடி வரை, பத்து நிமிஷம்' என்று எழுதினால் நடக்க வாய்ப்புண்டு.

இது கெட்டுப்போவது இரண்டு இடங்களில். 'மனசு சரியாகட்டும், அப்புறம் செய்கிறேன்' என்று காத்திருப்பது ஒன்று. சோர்வில் விருப்பம் முன்னால் வராது. காரியம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் வரும். இன்னொன்று, தெம்பு வந்த ஒரு நாளில் வீடு முழுக்கக் கழுவித் துடைத்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது. குறித்தது இரண்டென்றால் நல்ல நாளிலும் இரண்டோடு நிறுத்துங்கள். குறித்ததைச் செய்ய முடியாமல் போனால் காரியத்தைப் பாதியாகக் குறைத்து மறுநாளுக்கு எழுதுங்கள்.

மூன்று மணி விழிப்புக்கு: இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று பட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், போனைத் தொட வேண்டாம். கண் செருகும்போது திரும்பிப் படுங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும் காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது. பகல் தூக்கம் இந்த வைத்தியத்தைக் கெடுத்துவிடும்.

என் மகனுக்கு 26 வயது. பைபோலார் நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறான். இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறான். வரும் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். விரத நாட்களில் மாத்திரையை நிறுத்தலாமா? – தந்தை, டோங்காட்

நிறுத்தக் கூடாது, ஐயா. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் வெறி நிலை, அதாவது மனம் அளவு மீறிக் கிளர்ந்தெழும் நிலை, திரும்பி வரும் ஆபத்து மிக அதிகம். ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே விரதமிருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பல வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

லித்தியமும் ஓர் உப்புதான். சிறுநீரகம் அதைச் சோடியத்தைக் கையாளும் வழியிலேயே கையாளுகிறது. உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்துவிடும். மாத்திரை அளவு மாறாமலே இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். நம் ஊரில் தைப்பூசம் நடுக்கோடையில் வருகிறது. டர்பன் புழுக்கத்தில் வெறுங்காலோடு ஊர்வலம், வியர்வை, உப்பில்லாச் சாப்பாடு, தண்ணீர் குறைவு எல்லாம் சேர்ந்துகொள்ளும். விரதத்துக்காகக் காப்பி, தேநீரைச் சட்டென்று விடுவதும் லித்தியத்தை ஏற்றும், ஏனென்றால் காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. ஊர்வலம் முடிந்து கால்வலி, முதுகுவலி என்று ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால் இன்னும் ஏறும். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் தேதியைச் சொல்லுங்கள். விரதத்துக்கு முன் ஒரு முறையும், நடுவில் ஒரு முறையும் இரத்தத்தில் லித்தியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டிப் பயமுறுத்தும். நீண்ட நாள் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள். மகனின் வழக்கமான எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவு, ஒருவேளை உணவு, பிரம்மச்சரியம், தரையில் படுக்கை எதற்கும் தடையில்லை. உப்பைத் தவிர்ப்பதையும் தண்ணீரைக் குறைப்பதையும் மட்டும் விட்டுவிட வேண்டும். தாகம் வரும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். ஊர்வலத்தில் பக்கத்திலேயே ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு வரட்டும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழப்பம் – இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பேச்சுக் குழறலை அருள் வந்ததாக எண்ணி யாரும் விட்டுவிடக் கூடாது. அருள் பூஜை முடிந்ததும் இறங்கிவிடும், ஆளும் பழையபடி ஆகிவிடுவார். நஞ்சேற்றம் நேரம் போகப்போக மோசமாகும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபோலார் உள்ளவர்களுக்கு இரவு விழிப்பு தனியாகவே ஒரு தூண்டுகோல். இரவு முழுக்க பஜனை வேண்டாம். விரதத்தின்போது தூக்கம் மூன்று, நான்கு மணி நேரமாகச் சுருங்கி, ஆனாலும் களைப்பே தெரியவில்லை என்றால் அது பக்தியின் தெம்பாக இருக்காது. அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காவடியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். பூசாரியிடம் கேட்டால் பால்குடமாக மாற்றித் தருவதும் உண்டு.

லித்தியம் அல்லாத மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல்: ஜிப்ராசிடோன் 500 கலோரியாவது உள்ள சாப்பாட்டோடு போனால்தான் ஒழுங்காக உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமா? நாங்கள் இந்தியாவிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. – வாசகர், லெனேசியா

ஆகாது. தென்னாப்பிரிக்காவில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. அந்தப் பயத்தால் தாமதிக்காதீர்கள். எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையோ பாட்டிலோ கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள். நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு 24 மணி நேர எண் 0861 555 777.

19 வயதுப் பேத்தி 'இருந்து என்ன பிரயோஜனம் ஆயா' என்கிறாள். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. – பாட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

விதைத்ததாகாது, அம்மா. 'செத்துப்போகலாம்னு தோணுதா, கண்ணு?' என்று அதே சொல்லில் கேளுங்கள். கேட்டதாலேயே எண்ணம் வளர்வதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு மூச்சு விட்டது போல் இருக்கும். ஆமாம் என்றால் அடுத்து, 'எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?' வழியும் நேரமும் மனதில் இருக்கிறது என்றால் அன்று இரவு அவளைத் தனியே விடாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

அந்த அளவுக்கு இல்லை என்றால் இருவரும் உட்கார்ந்து ஒரே தாளில் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதலாம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை இது, ஆறு படி. எண்ணம் வரப்போகிறது என்பதற்கு அவளுக்குத் தெரியும் அறிகுறி. தனியாகவே செய்து கவனத்தைத் திருப்பக்கூடியது. ஆட்கள் நடுவே இருக்கக்கூடிய இடம். விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய வீட்டார், நண்பர்கள், எண்களோடு. அதற்கடுத்து மருத்துவரும் உதவி எண்களும். கடைசிப் படி, வீட்டை ஆபத்தில்லாமல் வைப்பது. இந்த ஒரு படி மட்டும் உங்கள் வேலை. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, இன்சுலின் உட்பட. மருந்துக்கடையில் வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம். இந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பலருக்குக் குறுகிய நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிடும்.

வாசகங்கள் அவளுடையவையாக இருக்கட்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த 'கந்த சஷ்டி படி' என்பதை நள்ளிரவில் அவள் எடுத்துப் பார்க்க மாட்டாள். எழுதியதைப் படமெடுத்து அவள் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பேசக் கூச்சம் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தின் 31393-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், அவர்களே கூப்பிடுவார்கள். லைஃப்லைன் 0861 322 322. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குச் சைல்ட்லைன் 116.

தம்பி பத்து நாளாகத் தூங்கவில்லை. சாப்பாட்டில் விஷம் வைக்கிறோம் என்கிறான், கதவைப் பூட்டிக்கொள்கிறான். சம்பளப் பணத்தைத் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டான். மருத்துவமனை என்றாலே அடிக்க வருகிறான். என்ன வழி? – அக்கா, ஃபீனிக்ஸ்

2002-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. விண்ணப்பம் எம்.எச்.சி.ஏ. 04 என்ற படிவம். அரசு மருத்துவமனையில் கிடைக்கும். கணவன் அல்லது மனைவி, நெருங்கிய உறவினர், துணைவர், பெற்றோர், பாதுகாவலர், பழகியவர் இவர்களில் ஒருவர் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்று: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து போனில் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் அண்ணன் கையெழுத்துப் போட்டால் செல்லாது. சத்தியப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

படிவம் பலவீனமாவது காரணம் எழுதும் இடத்தில்தான். 'புத்தி பேதலித்துவிட்டது' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து தூக்கமில்லை, எந்த இரவு கதவைப் பூட்டினார், யாரை என்ன சொல்லி மிரட்டினார், எத்தனை ராண்ட் கொடுத்தார். பணம் கொடுத்ததை விட்டுவிடாதீர்கள். தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேரும் என்பது மட்டும் சட்டத்தில் காரணமல்ல; அவருடைய சொத்தையும் நற்பெயரையும் காப்பாற்றச் சிகிச்சை தேவை என்பதும் காரணம்தான்.

பிறகு இரண்டு மனநலப் பணியாளர்கள் தனித்தனியே பரிசோதிப்பார்கள். இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாமவர். தேவை என்று முடிவானால் 72 மணி நேரம் சேர்த்துக் கவனிப்பார்கள். அதற்குப் பிறகும் வைத்திருப்பதென்றால் மனநல மறுஆய்வு வாரியம் பார்க்கும். உங்கள் தம்பி 30 நாளுக்குள் அந்த வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே 'ஒருமுறை உள்ளே போனால் வெளியே வரவே முடியாது' என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடிக்க வருகிறார், கையில் ஆயுதம் என்றால் போலீஸ் எண் 10111. போலீஸ்காரர் 'குற்றம் எதுவும் நடக்கவில்லையே' என்று திரும்பப் பார்த்தால் அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். மனநோயால் பெருந்தீங்கு நேரும் என்று நேரில் பார்த்தோ, மனநலப் பணியாளர் சொல்லியோ அவர் நம்பினால், பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் கடமை. போகும்போது அடையாள அட்டை, பழைய கிளினிக் அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கஞ்சா அல்லது சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பழக்கம் உண்டா என்ற விவரம் நான்கையும் கொண்டுபோங்கள்.

அதுவரை வீட்டில் விஷ விவகாரத்தை வாதாடித் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள், ஒத்தும் ஊதாதீர்கள். 'எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது' என்பது போதும். ஒரே சட்டியிலிருந்து அவர் கண்முன்னே எடுத்து நீங்களும் சாப்பிடுங்கள்.

பின்னால் தங்கும் இல்லம் ஏதாவது பார்க்க நேர்ந்தால் உரிமத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். 2016-இல் கௌடெங்கில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையத்திலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகளில் 144 பேர் இறந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட 27 தொண்டு அமைப்புகளின் உரிமங்களும் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர் அதிகாரியின் விசாரணை சொன்னது.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவச் செலவுத் திட்டத்தில் சேமிப்புப் பணம் தீர்ந்துவிட்டது. உளவியலாளரிடம் பாதியில் நிறுத்த வேண்டியதுதானா? – வாசகர், டர்பன்

கடும் மனச்சோர்வு அல்லது பைபோலார் என்று நோய் கண்டறியப்பட்டிருந்தால் வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கட்டாயப் பயன்கள் பட்டியலில் இவற்றுக்கு வருஷத்துக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனை, அல்லது 15 முறை வரை வெளிநோயாளி உளச்சிகிச்சை உண்டு. எந்தத் திட்டமானாலும், மலிவானதானாலும், தர வேண்டும். அதைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கவும் கூடாது. தானாகத் தர மாட்டார்கள். உளவியலாளரோ மருத்துவரோ நோய்க் குறியீட்டோடு விண்ணப்பம் நிரப்பி அனுப்ப வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். 'ஹாஸ்பிடல் கேஷ் பிளான்' என்பது மெடிக்கல் எய்ட் அல்ல, அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

என் மனைவிக்கு ஆங்கிலம் சுமார்தான். தமிழில் பேசி ஆலோசனை பெற வழியுண்டா? – கோயில் பணியாளர், டர்பன்

சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தமிழில் பேசலாம், ஆனால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் ஆகும். இந்திய அரசின் மனநல உதவி எண் 14416 இந்தியாவுக்குள் அழைப்பதற்கானது. இந்தியாவிலிருக்கும் உளவியலாளரோடு காணொலியில் பேசுவது பேச்சுச் சிகிச்சைக்கு உதவும். மாத்திரைக்கு இங்கே பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். இங்கே யாரிடம் போனாலும் அவர் பெயரைச் சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்: உளவியலாளர் எண் பி.எஸ். என்றும், மனநல மருத்துவர் எண் எம்.பி. என்றும் தொடங்கும். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். அம்மா பாதியை விழுங்கிவிடுவார். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தமிழில் எழுதி, நம்பகமான ஒருவரைக் கொண்டு ஆங்கிலமாக்கி, தாளாக நீட்டுவது நல்லது.

கோயில் மண்டபத்தில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரு சுய உதவிக் குழு தொடங்க ஆசை. எப்படி? – வாசகி, வெருலம்

1994-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு, அதாவது சாடாக், இப்படிப்பட்ட குழுக்களைத் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டுகிறது. முதல் வேலையாக அவர்களைக் கூப்பிடுங்கள்.

மண்டபத்தின் பெரிய கூடம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக் கூட்டமும் வேண்டாம். பக்கவாட்டுக் கதவுள்ள சிறிய அறை, வார நாள் மாலை. யார் உள்ளே போகிறார்கள் என்று செருப்பு வைக்கும் இடத்திலிருந்தே தெரிந்தால் இரண்டாம் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் 'மனநோய்' வேண்டாம். 'செவ்வாய் மாலைச் சந்திப்பு' போதும்.

ஆறு பேருக்குக் குறைந்தால் ஒருவர் வராத அன்று குழு கரைந்துவிடும், பன்னிரண்டுக்கு மேல் போனால் பாதிப் பேர் பேசாமல் திரும்புவார்கள். ஒன்றரை மணி நேரம், வட்டமாக நாற்காலி, நடத்த இருவர். ஒருவர் அழுது வெளியே போனால் இன்னொருவர் கூடப் போக வேண்டும், அதற்குத்தான் இரண்டாமவர். நோயுள்ளவர்களையும் பார்த்துக்கொள்பவர்களையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். மாமியார் எதிரே மருமகள் எதைச் சொல்வாள்?

ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் விதிகளை உரக்கப் படியுங்கள். இங்கே கேட்டது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. மாத்திரை அளவு பற்றி யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. கேட்காத அறிவுரை கிடையாது. இந்தக் கடைசி விதிதான் அடிக்கடி உடையும். ஒருவர் வாயைத் திறந்ததும் 'தைரியமா இரும்மா, என் தங்கைக்கும் இப்படித்தான்' என்று நால்வர் பாய்வார்கள், பேசியவர் வாயை மூடிக்கொள்வார். அப்போது நடத்துபவர், 'அவர் இன்னும் முடிக்கவில்லை' என்று ஒரே வரியில் நிறுத்த வேண்டும். பேச்சு பஜனையாகவோ சொற்பொழிவாகவோ மாறுவதற்கும் அதே மருந்து. ஒருவரே அரைமணி பேசினால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று சுற்று வைத்துவிடுங்கள். மௌனத்துக்குப் பயப்படாதீர்கள். இருபது வினாடி யாரும் பேசாவிட்டால் பெரும்பாலும் அதுவரை பேசாதவர் பேசுவார்.

வாட்ஸ்அப் குழு கூட்டத் தேதி சொல்வதற்கு மட்டும். நள்ளிரவில் அதில் ஒருவர் 'முடியவில்லை' என்று எழுதி யாரும் பார்க்காமல் போனால் குழுவே இல்லாமல் இருந்ததைவிட மோசம். குழு விவரத்தின் முதல் வரியில் 0800 567 567 இருக்கட்டும்.

பணம் வசூலிக்காதீர்கள், தேநீர்ப் பொடி யார் வீட்டிலிருந்தாவது வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்துபவரை மாற்றுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறது. விட்டுவிடலாமா? – வாசகி, டோங்காட்

இப்போது வேண்டாம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதே வழக்கம்; முன்னாலே இதுபோல வந்திருந்தால் இன்னும் நீளும். விடும்போதும் மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போன்ற உணர்வு வரும். அதை நோய் திரும்பிவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். விட்ட சில நாளிலேயே வந்தால் அது பெரும்பாலும் மாத்திரை விட்டதன் விளைவு. சில வாரம், மாதம் கழித்து மெல்ல மெல்ல வந்தால் நோய். இந்த மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் 5-ஆம் அட்டவணையில் இருப்பதால் சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. ஐந்தாம் மாதமே அடுத்த தேதி வாங்கிவிடுங்கள், டிசம்பர் விடுமுறையில் தீர்ந்துபோனால் கிளினிக் திறக்கும்வரை திண்டாட்டம்.